மலர்ச்சாலை வேலையும் அதற்கான படிப்பும்: வாசகர் கேள்வி பதில்

இறந்தவரின் உடலைப் பதப்படுத்தும் எம்பாம் வேலை, மலர்ச்சாலை நிர்வாகம், அதற்கான வெளிநாட்டுப் படிப்புகள் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு, இந்த வேலையை அருகிருந்து அறிந்தவர்கள் தரும் பதில்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

மகள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவு. பெறுபேறு மருத்துவபீடத்துக்குப் போதாது. 'மோர்ச்சுவரி சயன்ஸ் படிக்கப் போகிறேன்' என்கிறாள். உண்மையில் அப்படி ஒரு படிப்பு இருக்கிறதா? (வாசகி, வெள்ளவத்தை)

இருக்கிறது. அமெரிக்காவில் அது இரண்டு வருட இணைப் பட்டமாகவோ நான்கு வருடப் பட்டமாகவோ கற்பிக்கப்படுகிறது. சின்சினாட்டியில் உள்ள கல்லூரி 1882 முதல் இதைக் கற்பிக்கிறது. பாடங்களைப் பார்த்தால் மகளின் உயிரியல் வீண்போகாது என்று தெரியும். உடற்கூற்றியல், நுண்ணுயிரியல், நோயியல், இரசாயனம், எம்பாம் கோட்பாடும் செய்முறையும் இருக்கின்றன. சிதைந்த முகத்தை மெழுகால் சீர்செய்யும் கலை தனிப் பாடம். இழப்புத்துயர் உளவியல், சட்டம், கணக்கியல் ஆகியவையும் உண்டு. கணக்கியலைப் பலர் அலட்சியம் செய்வார்கள். மலர்ச்சாலை நட்டப்படுவது பெரும்பாலும் அந்த மேசையில்தான்.

கல்லூரியைத் தெரிவு செய்யும்போது, இறுதிச்சடங்குக் கல்விக்கான அமெரிக்க வாரியத்தின் அங்கீகாரம் அதற்கு இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். அங்கீகாரம் இல்லாத கல்லூரியில் படித்துவிட்டுத் தேசியப் பரீட்சைக்கு விண்ணப்பிப்பது சிக்கல். அந்தப் பரீட்சையில் கலை, விஞ்ஞானம் என்று இரண்டு பகுதிகள் உள்ளன. அதன்பிறகு அந்தந்த மாநிலம் கேட்கும் பயிற்சிக் காலத்தையும் முடித்தால்தான் அனுமதிப்பத்திரம் கிடைக்கும். மாணவர் விசாவில் அந்தப் பயிற்சியைச் செய்ய முடியுமா என்று கல்லூரியிடம் எழுத்தில் கேட்டு வாங்கிய பின்னர் பணம் கட்டுங்கள். இணையத்தில் மட்டும் நடக்கும் பாடநெறி என்றால், செய்முறையை எங்கே, யாருடைய மேற்பார்வையில் முடிப்பது என்பதையும் கேளுங்கள்.

ரொறன்ரோவில் உறவினர் இருக்கும் குடும்பங்கள் கனடாவைப் பற்றித்தான் கேட்கின்றன. ஒன்ராறியோவில் ஹம்பர் கல்லூரியில் பாடநெறி உண்டு. அங்கே அனுமதிப்பத்திரம் இரண்டு வகை. முதலாம் வகுப்புக்காரர் எம்பாமும் செய்யலாம். இரண்டாம் வகுப்புக்காரர் குடும்பத்தோடு பேசி ஒழுங்குகளைச் செய்யலாம், எம்பாம் செய்ய முடியாது. எது வேண்டும் என்று மகள் முதலே முடிவெடுக்க வேண்டும். சர்வதேச மாணவர்களை அந்த வருடம் சேர்க்கிறார்களா என்பதையும் விசாரியுங்கள்.

பிரித்தானியாவில் நிலைமை வேறு. இங்கிலாந்தில் இறுதிச்சடங்கு நிறுவனம் நடத்த அரச அனுமதிப்பத்திரமே தேவையில்லை. ஆனால் நல்ல இடங்கள் தகைமை கேட்கும். 1927 இல் தொடங்கிய பிரித்தானிய எம்பாமர் நிறுவகத்தில் உறுப்பினராவதற்கான பரீட்சைக்கு மதிப்பு உண்டு. வேலை பார்த்துக்கொண்டே அதற்குப் படிக்கலாம்.

இலங்கையில் பெரும்பாலானோர் மலர்ச்சாலையில் உதவியாளராகச் சேர்ந்து, மூத்தவர் பக்கத்தில் நின்றுதான் பழகுகிறார்கள். உள்ளூரில் யாராவது 'டிப்ளோமா' என்று விளம்பரம் செய்தால், மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் அந்த நிறுவனம் பதிவு செய்யப்பட்டிருக்கிறதா, அந்தப் பாடநெறிக்கு அங்கீகாரம் உண்டா என்று இரண்டையும் வெவ்வேறாகக் கேளுங்கள். நிறுவனம் பதிவு செய்யப்பட்டிருப்பதால் மட்டும் பாடநெறிக்கு அங்கீகாரம் வந்துவிடாது.

எங்கள் அபிப்பிராயம்: வெளிநாட்டுக் கட்டணம் கட்டுவதற்கு முன் மகள் சில மாதங்கள் கொழும்பில் ஒரு மலர்ச்சாலையில் வேலை செய்து பார்க்கட்டும். சவத்தைப் பார்த்துப் பயந்து விலகுபவர்கள் குறைவு. இரவு இரண்டு மணிக்கு வரும் தொலைபேசி அழைப்பும், அழுதுகொண்டே விலை பேசும் குடும்பமும்தான் பலரைத் திருப்பி அனுப்புகின்றன.

பொரளைப் பக்கம் ஒரு மலர்ச்சாலையில் உதவியாள் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். எம்பாம் பண்ணுவதில் உண்மையில் என்னென்ன செய்வார்கள்? அளவுகளோடு சொல்வீர்களா? (இளைஞர், கொட்டாஞ்சேனை)

முதல் வேலை மருந்து கலப்பதில்லை, பெயர் பார்ப்பது. வைத்தியசாலையில் கட்டிவிட்ட பெயர்ப் பட்டி, ஒப்படைப்புக் கடிதம், கூட வந்த உறவினரின் வாய்ச்சொல் ஆகிய மூன்றும் ஒத்துப்போக வேண்டும். உங்கள் பட்டியைக் கணுக்காலில் கட்டிவிட்டுத்தான் வைத்தியசாலைப் பட்டியைத் தொட வேண்டும். நகைகளை உறவினர் முன்னால் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். 'தங்கச் சங்கிலி' என்று எழுதாதீர்கள், 'மஞ்சள் நிற உலோகச் சங்கிலி' என்று எழுதுங்கள். இந்தத் தொழிலில் நற்பெயர் போவதற்கு எம்பாம் பிழைப்பதைவிட ஆள் மாறுவதும் நகை குறைவதும்தான் அடிக்கடி காரணம்.

பிறகு உடலைக் கிருமிநீக்கியால் கழுவி, விறைப்பை எடுக்க வேண்டும். இறந்து இரண்டு முதல் நான்கு மணித்தியாலத்தில் விறைப்பு தொடங்கும். கொழும்பு வெக்கையில் அது வேகமாக வந்து வேகமாகப் போகும். விரல், மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று ஒவ்வொரு மூட்டாக மடக்கி நீட்டித் தளர்த்துங்கள். தலையை நெஞ்சைவிட உயர்த்தி வையுங்கள். தலை தாழ்ந்திருந்தால் இரத்தம் முகத்தில் தேங்கிக் கறுக்கும். சில மணித்தியாலத்துக்குப் பின் அந்தக் கறை தோலில் ஊறிவிட்டால் எந்த மருந்தாலும் கழுவி எடுக்க முடியாது.

மருந்து ஏற்றுவதற்கு முன்பே கண்ணையும் வாயையும் அமைத்துவிட வேண்டும். மருந்து ஏறினால் தசை எப்படி இருந்ததோ அப்படியே இறுகிவிடும். கண்ணிமைகள் சந்திக்கும் கோடு கண்குழியின் கீழ் மூன்றிலொரு பங்கில் வரவேண்டும். நடுவில் வந்தால் முகம் அந்நியமாகத் தெரியும். இமைக்குக் கீழே பஞ்சோ பிளாஸ்டிக் மூடியோ வைத்து, உதட்டுக்கும் இமைக்கும் வாஸ்லின் பூசுங்கள். வாயை உள்பக்கத் தையலால் மூடுவார்கள். பல்செற் இருந்தால் தையலுக்கு முன் போட்டுவிடுங்கள். அது வைத்தியசாலைப் பையிலேயே கிடந்துபோவது வழக்கம்.

இனி மருந்து. நூறு மில்லிலீற்றர் மருந்தில் எத்தனை கிராம் சுத்தமான போமல்டிகைட் இருக்கிறது என்பதைப் போத்தலில் உள்ள சுட்டெண் சொல்லும். சுட்டெண் 25 என்றால் 100 மில்லிலீற்றரில் 25 கிராம். நான்கு லீற்றர் கலவை, இரண்டு சதவீதச் செறிவு வேண்டும் என்று வையுங்கள். 4000 ஐ 2 ஆல் பெருக்கி 25 ஆல் வகுத்தால் 320 வரும். ஆகவே 320 மில்லிலீற்றர் மருந்து, மீதி 3680 தண்ணீர். கடையில் வாங்கும் சாதாரண போமலினின் சுட்டெண் ஏறக்குறைய 40, அதற்கு 200 மில்லிலீற்றர் போதும். ஆனால் போமலினையும் தண்ணீரையும் மட்டும் கலந்து ஏற்றினால் உடல் சாம்பல் நிறமாகிக் கட்டைபோல் இறுகும். அதனால்தான் கிளிசரின் போன்ற ஈரம் பிடிப்பன, இரத்தம் உறைவதைத் தடுப்பன, இளஞ்சிவப்பு நிறமி எல்லாம் சேர்த்த தயார் மருந்தை வாங்குகிறார்கள். விலை கூடத்தான், ஆனால் முகம் சொல்லும்.

சாதாரண உடலுக்கு ஒன்று முதல் இரண்டு சதவீதம் போதும். அளவு, 22 கிலோ எடைக்கு ஏறக்குறைய நான்கு லீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 70 கிலோ ஆளுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று லீற்றர் போகும். மொத்தத்தையும் ஒரே செறிவில் கலக்காதீர்கள். முதல் நான்கு லீற்றரை மென்மையாகக் கலந்து இரத்தம் வெளியேற வழி செய்துவிட்டு, பிறகு செறிவைக் கூட்டுவது நல்ல பழக்கம்.

வலது காறையெலும்புக்குச் சற்று மேலே வெட்டி, கழுத்தில் ஓடும் கரோட்டிட் நாடியையும் அதன் பக்கத்து ஜுகுலர் நாளத்தையும் கொக்கியால் தூக்கி நூல் கட்டுவார்கள். நாடியில் குழாய், நாளத்தில் இடுக்கி. மருந்து நாடியால் போகும், இரத்தம் நாளத்தால் வரும். வேகம் நிமிடத்துக்கு 300 முதல் 450 மில்லிலீற்றர். அவசரப்பட்டு அழுத்தத்தைக் கூட்டினால் முதலில் வீங்குவது கண்ணைச் சுற்றித்தான், அது திரும்ப வடியாது. இயந்திரம் இல்லாத இடத்தில் போத்தலை உயரத்தில் தொங்கவிடுவார்கள். இரண்டு மீற்றர் உயரம் மூன்று பி.எஸ்.ஐ. அளவுக்கும் குறைவான அழுத்தத்தைத்தான் தரும். நேரம் எடுக்கும், கெட்ட முறை அல்ல.

மருந்து போய்ச் சேர்ந்ததா என்று விரல் நுனியிலும் காதுமடலிலும் பாருங்கள். இளஞ்சிவப்பாகி, தோல் இறுகி, அமுக்கினால் சற்று எதிர்க்கும். ஒரு கால் மட்டும் தொய்ந்து கிடந்தால் நாடியில் அடைப்பு இருக்கிறது. நீரிழிவுக்காரரின் கால்களில் இது அடிக்கடி நேரும். தொடை நாடியைத் திறந்து தனியாக ஏற்ற வேண்டும். கழுத்தால் இன்னும் இரண்டு லீற்றர் தள்ளுவதால் முகம்தான் வீங்கும்.

கடைசியாக வயிறும் நெஞ்சும். தொப்புளிலிருந்து இடது பக்கம் இரண்டு அங்குலம், அங்கிருந்து மேலே இரண்டு அங்குலம் அளந்து ட்ரோகார் என்ற நீண்ட குழாய் ஊசியை இறக்கி, நெஞ்சறை, வயிறு, குடல், சிறுநீர்ப்பை என்று உறிஞ்சி எடுத்து, ஒவ்வொரு அறைக்கும் அரை லீற்றர் அளவில் செறிவான மருந்து விடுவார்கள். நாடி வழியாகப் போகும் மருந்து குடலுக்குள் இருப்பதைத் தொடாது. அங்கேதான் வாயு உண்டாகும். இந்தக் கட்டத்தைச் சுருக்கமாக முடித்தவரின் வேலை இரண்டாம் நாள் மூக்கால் வெளியே வரும்.

உதவியாளாக முதல் சில மாதங்கள் உங்களுக்குக் கிடைப்பது கழுவுதல், தூக்குதல், கருவி கொதிக்கவைத்தல், வாகனம். அதை இழிவாக நினைக்க வேண்டாம். தூக்கும்போது உடலின் நிறமும் எடையும் வீக்கமும் கைக்குத் தெரியும். மருந்தின் செறிவை முடிவெடுப்பவருக்கு அந்தக் கை வேண்டும். கொழும்பில் வேலை செய்யச் சிங்களம் பேச வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். பொலிஸ், மாநகர சபை, மயானம் எல்லாம் அதில்தான் நடக்கும்.

மாமா ஈரலும் சிறுநீரகமும் பழுதாகி, உடலெல்லாம் நீர் கோத்து இறந்தார். எம்பாம் செய்து கொண்டுவந்த மறுநாளே முகம் பச்சை நிறமாகி, மூக்கால் வடிந்தது. மலர்ச்சாலையின் கவனக்குறைவா? (வாசகர், மட்டக்குளி)

பாதி நோய், பாதி வேலை என்று சொல்லலாம்.

பச்சை நிறத்துக்குக் காரணம் மஞ்சள் காமாலை. தோலில் தேங்கிய மஞ்சள் நிறப் பிலிருபினை போமல்டிகைட் பச்சை நிறப் பிலிவெர்டினாக மாற்றிவிடும். அதனால் காமாலை உடலுக்குச் செறிவைக் குறைக்க வேண்டும். சிறுநீரகம் பழுதான உடலில் நிலைமை எதிர்மாறு. தசைகளில் தேங்கிய யூரியாவும் அமோனியாவும் போமல்டிகைட்டைப் பிடித்துச் செயலிழக்கச் செய்யும், ஆகவே செறிவைக் கூட்ட வேண்டும். நீர் கோத்திருந்தால் ஏற்றிய மருந்து அந்த நீரிலேயே நீர்த்துவிடும், அதற்கும் செறிவு வேண்டும். உங்கள் மாமாவின் உடலில் இந்த மூன்றும் சேர்ந்திருக்கின்றன. ஒன்றுக்கு நல்லது மற்றதுக்குக் கெட்டது.

இப்படியான இடத்தில் தேர்ந்தவர்கள் உடல் அழுகாமல் காப்பதையே தெரிவு செய்வார்கள். நிறம் மாறினால் அடர்த்தியான ஒப்பனைப் பூச்சால் மறைக்கலாம். அழுகினால் மறைக்க வழியில்லை. மென்மையான முதற்கலவையால் இயன்றமட்டும் இரத்தத்தையும் காமாலையையும் கழுவி வெளியேற்றி, பிறகு செறிவைக் கூட்டி, நிறமி சேர்த்து, முகத்துக்குத் தனியாகக் குறைந்த அளவு ஏற்றுவார்கள். கால்களை உயர்த்தி வைத்து நீரை வடிய விடுவார்கள். ஆகவே பச்சை நிறத்துக்காக மலர்ச்சாலையைக் குற்றம் சொல்லுவது கடினம்.

மூக்கால் வடிந்தது வேறு விஷயம். ஈரல் நோயில் வயிற்றில் பல லீற்றர் நீர் சேரும். அதை ஒருமுறை உறிஞ்சிவிட்டு அனுப்பினால் போதாது. சில மணித்தியாலம் வைத்துவிட்டு மறுபடி உறிஞ்சி, மூக்கும் தொண்டையும் பஞ்சால் அடைத்துத்தான் பெட்டியில் வைக்க வேண்டும். அது நடக்கவில்லை என்றே தோன்றுகிறது. அதே சமயம், என்ன நோய் என்று குடும்பம் சொன்னதா? 'வயசுதான் ஐயா, நோய் ஒன்றும் இல்லை' என்று மறைப்பவர்கள் நிறையப் பேர். நோயறிக்கையின் ஒரு பிரதியை உடலோடு கொடுங்கள்.

வீட்டில் இறந்தால் மலர்ச்சாலை வாகனம் வரும்வரை செய்யக்கூடியதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். தலைக்குக் கீழே இரண்டு தலையணை வையுங்கள். தாடைக்குக் கீழே சுருட்டிய துவாய் வைத்தால் வாய் மூடியிருக்கும். துணியால் இறுக்கிக் கட்டினால் கன்னத்தில் தழும்பு விழும். ஏசி இருந்தால் போடுங்கள். முகத்தில் ஐஸ் வைக்க வேண்டாம், தோல் திட்டுத்திட்டாக நிறம் மாறும். வைத்தியசாலையில் ஏற்றிய ஊசிக்குழாயை நீங்களே பிடுங்காதீர்கள், அந்தத் துளையால் கசிந்து கை கறுக்கும்.

எண்ணெய் அரப்பு வைத்து நீராட்டும் கிரியையை எம்பாம் செய்த உடலுக்குச் செய்யலாமா? வாய்க்கரிசி போடும்போது வாய் திறக்கவில்லை என்று சச்சரவு வந்தது. (வாசகர், பம்பலப்பிட்டி)

செய்யலாம். கழுத்திலோ தொடையிலோ உள்ள தையலுக்கு மேல் நீர்புகாத பசையும் பிளாஸ்டரும் போட்டுத் தரும்படி முதலே சொல்லுங்கள். தண்ணீர் இளஞ்சூடாக, கொஞ்சமாக இருக்கட்டும். வயிற்றை அமுக்கித் தேய்க்காதீர்கள். முகத்தில் ஒப்பனை இருந்தால் எண்ணெய் அதை உருக்கிவிடும். நெற்றியில் ஒரு துளி தொட்டுவிட்டு மற்றதைத் தலையிலும் பாதத்திலும் வைக்கலாம்.

வாய் உள்ளே தைக்கப்பட்டிருக்கும், திறக்காது. அரிசியை உதட்டின்மேல் இட்டால் போதும். இதைப் பேரப்பிள்ளைகளும் உறவினரும் வரிசையில் நிற்கும் நேரத்தில் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. மலர்ச்சாலைக்காரர் முதல் சந்திப்பிலேயே குடும்பத்துக்கும் குருக்களுக்கும் சொல்லிவைக்க வேண்டும். சொல்லாமல் விட்டது அவர்கள் பிழை.

வீட்டில் திடீரென்று இறந்தால், பொலிசுக்குப் போகாமல் நேரே எம்பாம் செய்துவிட முடியாதா? எல்லாம் இழுபடுகிறதே. (வாசகர், தெஹிவளை)

நோய்க்கு வைத்தியம் பார்த்து வந்த வைத்தியர் காரணம் எழுதித் தரும் மரணம் என்றால் விரைவில் முடியும். விபத்து, தற்கொலை, காரணம் தெரியாத திடீர் மரணம், சந்தேகம் ஆகியவற்றில் பொலிசும் திடீர் மரண விசாரணை அதிகாரியும் வந்தே ஆகவேண்டும். தேவையென்றால் சட்ட வைத்திய அதிகாரியின் பிரேத பரிசோதனையும் நடக்கும். ஒப்படைப்புக் கட்டளை கைக்கு வரும்வரை எந்த மலர்ச்சாலைக்காரரும் உடலில் ஊசி வைக்கக் கூடாது.

இது வெறும் சட்டக் கெடுபிடி அல்ல. எம்பாம் மருந்திலேயே மெதனோல் உண்டு. கள்ளச்சாராயமான கசிப்பில் மெதனோல் கலந்து இறந்தவரா என்று பிறகு பிரித்தறிவது சிக்கலாகிவிடும். சயனைட்டோடு போமல்டிகைட் தாக்கம் புரிந்து அதை மறைத்துவிடும். இரத்தத்தில் இருந்த மதுவின் அளவும் கலைந்துபோகும். ட்ரோகார் குத்திய துளைகள் உள்ளுறுப்புக் காயங்களோடு குழம்பும். குடும்பத்துக்கு உதவி செய்கிறேன் என்று அவசரப்பட்டவர் பிறகு நீதிமன்றப் படியேற வேண்டிவரலாம்.

இன்னொன்று. சில வழக்குகளில் நீதவான் உடலைத் தகனம் செய்யாமல் புதைக்கும்படி கட்டளையிடுவார், தேவைப்பட்டால் தோண்டி எடுப்பதற்காக. கனத்தை மயானத்தில் தகனத்துக்கு நேரம் பதிவு செய்வதற்கு முன் கட்டளையை முழுதாக வாசியுங்கள்.

பிரேத பரிசோதனை முடிந்த உடலில் வேலை இரட்டிப்பு. நாடித் தொடர் அறுந்திருக்கும் என்பதால் கழுத்தின் இரண்டு பக்கமும், இரண்டு கைக்கும், இரண்டு காலுக்குமாக ஆறு இடத்தில் தனித்தனியே ஏற்ற வேண்டும். உள்ளுறுப்புகளைப் பையிலிட்டுச் செறிவான மருந்தில் ஊறவைத்துத் திருப்பி வைப்பார்கள். நாலைந்து மணித்தியாலமாவது கொடுங்கள்.

போமலின் புற்றுநோய் தரும் என்கிறார்கள். இந்த வேலைக்குத் தம்பியை அனுப்பப் பயமாக இருக்கிறது. (வாசகி, வத்தளை)

பயம் நியாயமானது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் போமல்டிகைட்டை மனிதருக்குப் புற்றுநோய் தருவதாக முதலாம் பிரிவில் சேர்த்தது. மூக்குத்தொண்டைப் புற்றுநோயும் ஒருவகை இரத்தப் புற்றுநோயும் அதோடு தொடர்புபடுத்தப்பட்டவை. அமெரிக்கத் தொழிலிடச் சட்டம் எட்டு மணித்தியாலச் சராசரியாகப் பத்து இலட்சத்தில் 0.75 பங்கையும், பதினைந்து நிமிடத்துக்கு 2 பங்கையும் உச்ச எல்லையாக வைத்திருக்கிறது. கண் எரிகிறது, பழகிவிடும் என்று மூத்தவர் சொன்னால் நம்ப வேண்டாம். மணம் பழகும், பாதிப்பு பழகாது.

வேலையில் சேருமுன் தம்பி அறையைப் பார்க்கட்டும். காற்று மணித்தியாலத்துக்குப் பன்னிரண்டு தடவையாவது மாற வேண்டும். போமல்டிகைட் ஆவி காற்றைவிடச் சற்றுப் பாரம், வேலை செய்பவரின் மூக்கோ மேசைக்கு மேலே. ஆகவே உறிஞ்சும் விசிறி மேசை மட்டத்துக்கோ அதற்குக் கீழேயோ இருக்க வேண்டும். கூரையில் இருந்தால் ஆவி முகத்தைக் கடந்துதான் மேலே போகும். துணி முகக்கவசம் ஆவியைத் தடுக்காது, போமல்டிகைட்டுக்குரிய வடிகலன் கொண்ட கவசம் வேண்டும். கையுறை நைற்றைல் வகை, கண்கழுவும் இடம் பத்து விநாடி நடைக்குள்.

கிருமிகள் பக்கம், மஞ்சள் காமாலை பி (ஹெபடைடிஸ் பி) தடுப்பூசி 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று தடவை. கடைசி ஊசிக்கு ஓரிரு மாதத்துக்குப் பின் எதிர்ப்புச்சக்தி உண்டானதா என்று இரத்தத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். உடலை நகர்த்தும்போது நுரையீரலில் இருக்கும் காற்று வாயால் வெளிவரும். காசநோய் உடலில் அதுதான் ஆபத்து, ஆகவே தூக்குமுன் முகத்தைக் கிருமிநீக்கி நனைத்த துணியால் மூடுங்கள். ஊசி குத்திவிட்டால் மறைக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் பலன் தரும்.

எங்கள் சமூகத்தில் எம்பாம் கிடையாது. முஸ்லிம் ஒருவருக்கு இத்துறையில் இடம் உண்டா? (வாசகர், தெமட்டகொடை)

உண்டு. ஜனாஸாவைக் குளிப்பாட்டிக் கஃபன் இட்டு விரைவில் நல்லடக்கம் செய்வதே முறை என்பதால், உங்கள் பக்கம் நேரமும் கடதாசியும்தான் வேலை. பள்ளிவாசல், வைத்தியசாலை, சட்ட வைத்திய அதிகாரி, மயானம் என்று நாலு இடத்தையும் தெரிந்த ஒருவர் இருந்தால் ஒரு பகல் மிச்சம். 2020 இல் கொவிட் மரணங்களை எரித்தே ஆகவேண்டும் என்று விதித்தபோதும், 2021 இல் அது மாறி ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியபோதும், சுற்றறிக்கையைச் சரியாக வாசித்துக் குடும்பத்துக்கு விளக்கத் தெரிந்தவர்களின் தேவை எவ்வளவு என்று எல்லோரும் கண்டோம்.

உடல் வெளிநாட்டுக்குப் போகவேண்டி வந்தால் மட்டும் விமான நிறுவனமும் போய்ச்சேரும் நாடும் எம்பாம் கேட்கலாம். அதைக் குடும்பத்துக்கு முதலே சொல்லுங்கள். பலர் அப்போது இங்கேயே அடக்கிவிட முடிவெடுப்பார்கள்.

பெண் பிள்ளைக்கு ஏற்ற வேலையா? (பல வாசகிகள்)

பெண்ணின் உடலைப் பெண்ணே கழுவி உடுத்த வேண்டும் என்று கேட்கும் குடும்பங்கள் எல்லாச் சமயத்திலும் உண்டு. சேலை கட்டுவது, கொண்டை போடுவது, ஒப்பனை இவற்றுக்கு ஆள் கிடைக்காமல் திண்டாடும் இடங்கள் இருக்கின்றன. பாரம் தூக்குவது ஆணுக்கும் தனியே முடியாத காரியம், அதற்குச் சக்கரப் படுக்கையும் வழுக்குப் பலகையும் உண்டு. கல்யாணச் சந்தையில் என்ன சொல்வார்கள் என்ற கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. கேட்பவரைப் பொறுத்தது.

அப்பாவின் நெஞ்சில் பேஸ்மேக்கர் இருந்தது. தகனத்துக்கு முன் எடுக்க வேண்டும் என்றார்கள். காசு பிடுங்கும் வேலையா? (வாசகர், கிராண்ட்பாஸ்)

இல்லை. அதன் லிதியம் மின்கலம் தகன அடுப்பின் வெப்பத்தில் வெடிக்கும். அடுப்பின் சுவரும் பக்கத்தில் நிற்பவரும் ஆபத்தில். தோலுக்குக் கீழேதான் இருக்கும், சிறு கீறலில் எடுக்கலாம். அதிர்ச்சி கொடுக்கும் வகைக் கருவி என்றால் முதலில் வைத்தியசாலையில் நிறுத்திவிட்டுத்தான் எடுக்க வேண்டும், இல்லையென்றால் எடுப்பவருக்கு அதிர்ச்சி அடிக்கும். புதைப்பதென்றால் எடுக்கத் தேவையில்லை. பெட்டிக்குள் கைத்தொலைபேசி, வாசனைத் திரவியப் போத்தல், முழுத் தேங்காய் எதுவும் வைக்காதீர்கள், அதே காரணம்தான். சாம்பல் இரண்டு மூன்று கிலோ வரும். விமானத்தில் கொண்டுபோவதென்றால் உலோகக் கலசம் வேண்டாம். ஊடுகதிர் இயந்திரத்தில் உள்ளே தெரிய வேண்டும் என்பதால் மரம் அல்லது பிளாஸ்டிக்.

மத்திய கிழக்கில் இறந்த அண்ணனின் உடல் வருகிறது. பெட்டியைத் திறந்து பார்க்கலாமா? (வாசகி, மோதரை)

உள்ளே துத்தநாகத் தகடு ஒட்டவைத்து மூடிய பெட்டியாக இருக்கும். வீட்டு முற்றத்தில் வெட்டிரும்பால் திறக்காதீர்கள். இறந்து வாரக்கணக்காகியிருக்கலாம், உள்ளே வாயு அடைந்திருக்கும். கட்டுநாயக்காவிலிருந்து நேரே ஒரு மலர்ச்சாலைக்குக் கொண்டுபோய், காற்றோட்டமான அறையில் அவர்கள் திறக்கட்டும். முதலில் அவர்கள் தனியே பார்த்துவிட்டு, பார்க்கக்கூடிய நிலையா என்று உங்களுக்குச் சொல்லுவார்கள். அந்தச் சொல்லைக் கேளுங்கள். எம்பாம் சான்றிதழ், மரணச் சான்றிதழ், கடவுச்சீட்டு ஆகியவற்றின் பிரதிகளைக் கையில் வைத்திருங்கள். மரணத்தில் சந்தேகம் இருந்தால் திறப்பதற்கு முன்பே பொலிசில் முறையிட வேண்டும். திறந்து, உடை மாற்றிய பின் முறையிட்டால் இரண்டாம் பரிசோதனையின் பெறுமதி குறைந்துவிடும். அண்ணன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து போனவர் என்றால் அங்கேயும் அறிவியுங்கள், காப்புறுதிக் கொடுப்பனவுக்கு அந்தப் பதிவு தேவைப்படும்.

சொந்தமாகச் சின்ன மலர்ச்சாலை தொடங்க முதலில் எதில் பணம் போடுவது? (வாசகர், வத்தளை)

பெட்டிகளில் அல்ல. பலர் காட்சியறை நிறையப் பெட்டி அடுக்கிவிட்டுக் குளிரறை இல்லாமல் திண்டாடுகிறார்கள். இரண்டு முதல் நான்கு பாகையில் நிற்கும் குளிரறை, மின்வெட்டுக்கு மின்பிறப்பாக்கி, கழுவுநீர் போக ஒழுங்கான வடிகால், மேசை மட்டத்தில் காற்று உறிஞ்சி, பிறகு வாகனம், கடைசியில் பெட்டி. உள்ளூராட்சி சபையிடம் இடத்துக்கான அனுமதியையும் கழிவுநீர் ஒழுங்கையும் கட்டடம் வாடகைக்கு எடுக்கும் முன் கேளுங்கள். அயலவர் எதிர்ப்பு அங்கேதான் எழும்பும்.

விலைப்பட்டியலை எழுத்தில் வையுங்கள். எம்பாம், பெட்டி, வாகனம், மண்டபம், மயானக் கட்டணம் தனித்தனியே இருக்கட்டும். அமெரிக்காவில் 1984 முதல் இது சட்டம். இங்கே கட்டாயமோ இல்லையோ, எட்டுச்செலவு முடிந்து கணக்குப் பார்க்க வரும் மருமகனிடம் அந்தத் தாளை நீட்டினால் பேச்சு ஐந்து நிமிடத்தில் முடியும்.